1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ்: ஒரு ஆட்டமும் தோற்காத அணியை ஏன் யாரும் அழைக்கவில்லை?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 4

யுனிவர்சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோவின் 1951 ஃபுட்பால் அணி (டான்ஸ் என்பது அதன் பட்டப்பெயர்) ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதையும் ஜெயித்தது, ஆனாலும் சீசன் கடைசியில் எந்த பவுல் ஆட்டத்துக்கும் அழைப்பு வரவில்லை என்று படித்தேன். அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள் இருந்ததுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. சின்னக் கல்லூரி, சுமாரான எதிரணிகள், அதனால் விட்டுவிட்டார்கள், இவ்வளவுதானே விஷயம்?

செப்டம்பர் 4, இரவு

இல்லை. இவ்வளவு இல்லை.

அழைப்பே வரவில்லை என்பதைவிட, அழைப்பு ஒரு நிபந்தனையோடு வந்தது என்று சொல்வதுதான் சரி. ஆலி மாட்சன், பர்ல் டோலர் இருவரையும் விட்டுவிட்டு மற்றவர்கள் வந்தால் ஆடலாம். அணி முடியாது என்றது. மறுப்பதில் அவர்களுக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை. இந்தக் கதையில் ஆரஞ்சு, சுகர், கேட்டர் என்று மூன்று பவுல்களின் பெயரும் அடிபடும். மூன்றும் தெற்கில் நடப்பவை. மயாமி, நியூ ஆர்லியன்ஸ், ஜாக்சன்வில். அந்த ஆண்டு அந்த ஊர்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார முடியாது.

தூக்கம் வருகிறது, மீதி நாளைக்கு.

செப்டம்பர் 5

பவுல் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. முதலில், இது நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி சீசன் நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். அதற்கப்புறம் புத்தாண்டையொட்டிச் சில ஊர்கள் தனித்தனியாக ஒரு பெரிய ஆட்டம் நடத்தும். யாரை அழைப்பது என்பதை ஊர்ப் பெரிய மனிதர்களும் வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கும் ஒரு கமிட்டி முடிவு செய்யும். இன்று மாதிரி நாக்-அவுட் முறை எல்லாம் கிடையாது. ஜெயித்தால் தானாக இடம் கிடைக்கும் என்ற விதியும் கிடையாது. கூப்பிட்டால் போகலாம். போனால் கல்லூரிக்குப் பெரிய பணம்.

கலிஃபோர்னியாவிலேயே ரோஸ் பவுல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், பிக் டென் என்ற இரண்டு கூட்டமைப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கப்பட்ட ஆட்டம். டான்ஸ் எந்தக் கூட்டமைப்பிலும் இல்லாத அணி. அதனால் பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, தூரத்து வீட்டுக் கதவில் நிபந்தனை ஒட்டியிருந்தது.

இதில் என் மனசைப் போட்டு அறுக்கும் ஒன்று உண்டு. அந்த சீசனின் கடைசி ஆட்டம், லொயோலாவுக்கு எதிராக 20-2 என்று ஜெயித்தது, நடந்த இடம் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கம்தான். அரங்கத்துக்குள் போனார்கள், ஆடினார்கள், ஜெயித்தார்கள். ஆனால் அது ரோஸ் பவுல் ஆட்டம் இல்லை.

செப்டம்பர் 6

ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் நேரே அநியாயத்துக்குப் போய்விட்டேன். அது சரியில்லை, அவர்கள் முதலில் ஆட்டக்காரர்கள்.

மாட்சன் டெக்சாஸில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிக்குப் போனவர். 1951இல் ஒன்பதே ஆட்டங்களில் பந்தோடு ஓடி 1,566 கெஜம் எடுத்தார், அந்த ஆண்டு நாட்டிலேயே அதுதான் அதிகம். கணக்குப் போட்டால் ஆட்டத்துக்கு 174 கெஜம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச் டவுன் 21. ஓடுவது மட்டுமில்லை, எதிரணி கையில் பந்து இருக்கும்போது தடுப்பாட்டத்துக்கும் அவரே இறங்குவார். இத்தனைக்கும் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் ஒன்பதாவது இடம்தான். விருது பிரின்ஸ்டனின் டிக் காஸ்மையருக்குப் போனது.

டோலர் மெம்ஃபிஸ்காரர். இவரும் மாட்சனும் முதலில் சிட்டி காலேஜில் ஒன்றாக ஆடிவிட்டு மலைமேல் இருக்கும் இந்த ஜெஸ்யூட் கல்லூரிக்கு வந்தவர்கள். லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர், மோதினால் எழுந்திருக்க நேரமாகும் என்று பேர் வாங்கியவர்.

அப்புறம் ஜீனோ மார்செட்டி. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களோடு நடந்த பல்ஜ் சண்டையைப் பார்த்துவிட்டு வந்து கல்லூரியில் சேர்ந்தவர். பாப் செயின்ட் கிளேர், ஆறடி ஒன்பது அங்குலம், பச்சை மாமிசம் சாப்பிடுகிறவர் என்று கடைசி வரைக்கும் பிரபலம். பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எட் பிரவுன், பிற்பாடு சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஆடினார். கோச் ஜோ குஹாரிச். பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி கொடுக்கும் வேலையில் இருந்த இளைஞர் பீட் ரோசெல். ஆமாம், பின்னால் 1960இலிருந்து 1989 வரை தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் கமிஷனராக இருந்த அதே ரோசெல்தான்.

இந்த ஒரே கல்லூரி அணியிலிருந்து நான்கு பேர் தொழில்முறை ஃபுட்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 6, கொஞ்ச நேரம் கழித்து

திருத்தம். நான்கு இல்லை, மூன்று. மாட்சன், மார்செட்டி, செயின்ட் கிளேர். நான்காவதாக நான் நினைத்தது டிக் ஸ்டான்ஃபெல். அவரும் இதே கல்லூரி, 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், ஆனால் அவர் 1950 சீசனோடு முடித்துவிட்டுப் போய்விட்டார். 1951 அணி என்று சொல்லும்போது அவரையும் சேர்த்து எண்ணுவது பல இடங்களில் இருக்கிறது, நானும் அதே தப்பைச் செய்தேன். மூன்றே பெரிய எண்ணிக்கைதான். மாட்சனும் மார்செட்டியும் 1972இல் ஒரே ஆண்டில் உள்ளே போனார்கள்.

செப்டம்பர் 9

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை. "எதிரணிகள் யார், அதைச் சொல்லுங்கள்" என்கிறார். சரி, இதில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சான் ஹொசே ஸ்டேட்டோடு ஒரே சீசனில் இரண்டு தடவை ஆடினார்கள். கேம்ப் பெண்டில்டன் மரீன்கள், சான் டியாகோ கடற்படை என்று ராணுவ முகாம் அணிகள் இரண்டு. கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்ட் மாதிரிப் பெரிய கல்லூரி ஒன்றுகூட இல்லை. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தேசியத் தரவரிசையில் கடைசியில் கிடைத்தது 14ஆவது இடம். "அட்டவணை பலவீனம்" என்று ஒரு கமிட்டி சொன்னால், அதைப் பொய் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதைப் பாருங்கள். நவம்பரில் காலேஜ் ஆஃப் பசிபிக்கை டான்ஸ் 47-14 என்று உதைத்தார்கள். அந்தப் பசிபிக்குக்கு சன் பவுலிலிருந்து அழைப்பு வந்தது! போய், 1952 புத்தாண்டு அன்று டெக்சாஸ் டெக்கிடம் 25-14 என்று தோற்றார்கள். 33 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், ஜெயித்தவன் வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். பலவீனமான அட்டவணை என்ற காரணம் இங்கே எப்படி நிற்கும்?

செப்டம்பர் 10

நியூயார்க் கல்லூரியான ஃபோர்டமோடு ஆடிய ஆட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், நேற்றே எழுதியிருக்கணும்.

அக்டோபரில் நியூயார்க் போனார்கள். கிழக்குக் கரைப் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாவிட்டால் அந்தக் காலத்தில் நீ இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த ஆட்டத்தில் எதிரணி உதைத்து அனுப்பும் கிக்-ஆஃப் பந்தை மாட்சன் பிடித்து இரண்டு தடவை மைதானத்தின் அந்தக் கோடி வரை ஓடினார், ஒவ்வொன்றும் 90 கெஜம், அதற்கு மேலும். ஒரு தடவை ஓடினாலே ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், ஒரே ஆட்டத்தில் இரண்டு. 32-26, அந்த சீசனிலேயே நெருக்கமான ஆட்டம் அதுதான்.

கிக்-ஆஃப் ஓட்டம் என்பது எப்படி என்றால், பந்து வானத்திலிருந்து இறங்கும்போதே பதினொரு பேர் முழு வேகத்தில் உன்னை நோக்கி வந்துகொண்டிருப்பார்கள். பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்களை நோக்கித்தான் நீ ஓடியாக வேண்டும், வேறு திசை கிடையாது. உன் ஆட்கள் முன்னால் போய் ஒவ்வொருவனாக மோதித் தள்ளி ஒரு ஆள் அகலத்துக்குச் சந்து திறப்பார்கள். அந்தச் சந்து ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி திறந்திருக்கும். மாட்சன் நல்ல உயரம், நல்ல எடை, அதற்கு மேல் ஒரு ஓட்டப் பந்தய வீரரின் கால்கள். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார், தொடர் ஓட்டத்தில் வெள்ளி. அந்தக் கால்களுக்கு ஒரு நொடிச் சந்து போதும்.

அந்தச் சந்தைத் திறக்கிறவர்கள்தான் லைன்மேன்கள். பந்தையே தொடாமல் சீசன் முழுக்க ஆடுவார்கள், பேப்பரில் பேர் வராது, மூக்கு மட்டும் உடையும். தன் முதுகுக்குப் பின்னால் ஓடிவருகிறவன் யார் என்று அவர்களைவிட நெருக்கமாகத் தெரிந்தவர்கள் இல்லை. "மாட்சனை விட்டுவிட்டு வாங்க" என்ற செய்தி முதலில் இவர்கள் காதில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது அந்த மறுப்பு எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

செப்டம்பர் 14

உனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

பதினேழு வயதில் எங்கள் ஊர் வாலிபால் டீமில் இருந்தேன். பக்கத்து ஊர் டோர்னமென்ட், இறுதி ஆட்டம் ஜெயித்தோம். நடத்தியவர்களில் ஒருவர் வீட்டில் சாப்பாடு. திண்ணையில் வரிசையாக இலை போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் இரண்டு இலை குறைவு. எங்கள் லிஃப்டருக்கும் இன்னொரு பையனுக்கும் கொல்லைப்பக்கம் தனியாகப் போட்டிருக்கிறது என்றார்கள், ஏதோ ரொம்ப சாதாரண விஷயத்தைச் சொல்வதுபோல். கேப்டன் எங்கள் முகத்தைப் பார்த்தான். நாங்கள் இலையைப் பார்த்தோம். அந்த லிஃப்டர்தான் "பரவாயில்லடா, பசிக்குது, உட்காருங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அன்றைக்கு நான் அடித்த ஒவ்வொரு பாயின்ட்டும் அவன் தூக்கிக் கொடுத்த பந்தில் வந்தது. நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

முப்பது வருஷமாகிறது. சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அதனால்தான் 1951இல் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள் முடியாது என்று சொன்னதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதற்குப் பதில் போட்டவர்களுக்கு நன்றி. அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

"இப்படி மறுத்த முதல் அணி டான்ஸ்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் அணி இல்லை. 1946இல் பென் ஸ்டேட் அணிக்கு மயாமியில் ஒரு ஆட்டம் இருந்தது, வாலி டிரிப்லெட், டென்னிஸ் ஹோகார்ட் என்ற இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், ஆட்டமே வேண்டாம் என்று ரத்து செய்தார்கள். 1948 புத்தாண்டு அன்று அதே இருவரும் டல்லஸில் காட்டன் பவுலில் இறங்கி ஆடினார்கள், 13-13 சமன். ஆக, தெற்கில் கறுப்பர்கள் ஆடவே முடியாது என்பது 1951இல் அசைக்க முடியாத சட்டமாக இருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கமிட்டி கதவைத் திறந்திருந்தது. மற்ற கமிட்டிகளும் நினைத்திருந்தால் திறந்திருக்கலாம்.

அதே 1951 அக்டோபரில், ஓக்லஹோமாவில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டின் தாடையை எதிரணி ஆள் ஒருவர் உடைத்தார். பந்து பிரைட்டின் கையில்கூட இல்லை. டி மாய்ன் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் இருவர் அதை வரிசையாகப் படமெடுத்தார்கள், அந்தப் படங்களுக்குப் புலிட்சர் கிடைத்தது. மாட்சனும் டோலரும் சனிக்கிழமைதோறும் களத்தில் இறங்கியது இந்த வருஷத்தில்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

செப்டம்பர் 21

பணக் கணக்கு. இதில் நான் மனசை மாற்றிக்கொண்டேன்.

"பவுலுக்குப் போயிருந்தால் ஃபுட்பால் பிழைத்திருக்கும், போகாததால் கல்லூரி அணியையே கலைத்துவிட்டது" என்றுதான் நானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சீசன் முடிந்த கையோடு அணியைக் கலைத்தது உண்மை. ஆனால் சுற்றிலும் பாருங்கள். செயின்ட் மேரிஸ் 1950 சீசனோடு ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. லொயோலா 1951இல். சான்டா கிளாரா 1952இல். ஃபோர்டம்கூட 1954க்கு மேல் தாங்கவில்லை. எல்லாம் கத்தோலிக்கக் கல்லூரிகள், பெரிய மைதானமோ அரசாங்கப் பணமோ இல்லாதவை. தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று ஆள் எண்ணிக்கை ஏறியது, அதோடு உதவித்தொகைச் செலவும் ஏறியது. டி.வி. வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவிலேயே 1946இலிருந்து ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணி, அதுவும் இவர்கள் ஆடுகிற அதே கெஸார் ஸ்டேடியத்தில். காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் ஆடும் கல்லூரிக்குக் கடன்தான் மிச்சம்.

ஒரு பவுல் பணம் வந்திருந்தால் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் இழுத்திருக்கலாம். அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் மறுத்தபோது அந்தப் பையன்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதே. கல்லூரி பணத்துக்குத் தவிக்கிறது என்பது தெரியும், பவுல் பணம் உதவும் என்பது தெரியும். தெரிந்துதான் மறுத்தார்கள். செயின்ட் கிளேருக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது, அணி போனதால் டல்சா பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போய் ஆடினார்.

செப்டம்பர் 22

ஃபுட்பாலை விட்ட கல்லூரி விளையாட்டையே விட்டுவிட்டதா என்றால், இல்லை. 1955, 1956 இரண்டு வருஷமும் தேசிய பாஸ்கெட்பால் சாம்பியன். பில் ரசல், கே.சி. ஜோன்ஸ். அது தனிக் கதை, இங்கே ஆரம்பித்தால் முடியாது.

செப்டம்பர் 28

அப்புறம் என்ன ஆனார்கள் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மாட்சனை மூன்றாவது ஆளாகச் சிகாகோ கார்டினல்ஸ் எடுத்தது. 1959இல் ராம்ஸ் என்ற இன்னொரு அணி அவரை வாங்க ஒன்பது பேரைக் கொடுத்தது. ஒரு ஆளுக்கு ஒன்பது ஆள்! அந்தப் பேரத்தை முடித்த ராம்ஸ் மேனேஜர் யார் தெரியுமா, ரோசெல். கல்லூரியில் யாருடைய பேரைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாரோ அவரையே வாங்கினார்.

மார்செட்டி பால்டிமோர் கோல்ட்ஸுக்கு ஆடி, 1958 சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் கால் உடைந்து ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மைதான ஓரத்திலிருந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயின்ட் கிளேர் ஃபார்ட்டி நைனர்ஸில் ஆடினார், டேலி சிட்டிக்கு மேயராகவும் இருந்தார்.

டோலரைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். 1952இல் கல்லூரி நட்சத்திரங்களுக்கும் தொழில்முறைச் சாம்பியன்களுக்கும் நடந்த ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. என்.எஃப்.எல்.லில் ஒரு நிமிஷம்கூட ஆடாமலே ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வாத்தியார் ஆனார், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். 1965இல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவர். அப்போது கமிஷனர் ரோசெல். 1980 ஜனவரியில் என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நடுவராக நின்றார், அதிலும் கறுப்பர்களில் அவர்தான் முதல். ஒரு காலத்தில் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர், அந்த ஆட்டத்தில் எந்தக் கோட்டில் யார் நிற்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னார்.

2017இல் கல்லூரி ஒரு விடுதிக்கு அவர் பெயரை வைத்தது. அதற்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்கு இருந்தது ஜேம்ஸ் ஃபீலனின் பெயர், "கலிஃபோர்னியாவை வெள்ளையாக வை" என்று தேர்தலில் ஓட்டுக் கேட்ட செனட்டர். மாணவர்கள் வற்புறுத்தித்தான் மாற்ற வைத்தார்கள்.

அக்டோபர் 2

ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாளாக நான் எழுதியது பெரும்பாலும் மறுத்தவர்களின் பெருமையை. மாட்சன், டோலர் பக்கம் நின்று பார்த்தேனா? தங்களால் முப்பது சொச்சம் நண்பர்களுக்கு பவுல் ஆட்டம் போச்சு என்ற எண்ணத்தை அவர்கள் மேல் ஏற்றிவிட்டது அந்த நிபந்தனை. தப்பு செய்தது வேறு யாரோ, சங்கடப்பட வேண்டியது இவர்கள். எங்கள் லிஃப்டர் "பரவாயில்லடா" என்று சொன்னதும் இப்படித்தான், எங்களுக்குக் கஷ்டம் வேண்டாமே என்று. பதினான்காம் தேதி எழுதும்போதுகூட இது எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 5

கேள்வி கேட்டவர் அடுத்த மாதம் இந்த ஊர்ப் பக்கம் வருவதாக எழுதியிருக்கிறார். வாருங்கள். பழைய கெஸார் இப்போது இல்லை, இடித்துவிட்டுச் சின்னதாகக் கட்டியிருக்கிறார்கள், களத்துக்குப் பாப் செயின்ட் கிளேர் பெயர். சுற்றி ஓடுபாதை, யார் வேண்டுமானாலும் ஓடலாம். காலையில் பனிமூட்டம் விலகினால் வடக்கே மலைமேல் கல்லூரிக் கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரியும். அங்கிருந்து டோலர் விடுதிக்கு நடந்தே போய்விடலாம், ஏற்றம்தான், கூட்டிப்போகிறேன். சனிக்கிழமை என்றால் ஆறரை மணிக்கு ஓடுபாதையில் இருப்பேன். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.